ஒரு வார்த்தை சொல்லாதவன்

நோரீனின் கையிலிருந்த கோப்பையை மூன்றாவது தடவையாகப் பிடுங்கிக்கொண்டாள் பக்கத்துப் பண்ணை கிட்டி.

"நீ எதுக்குடி கழுவுற? போய் உக்காரு. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

சொந்த அடுப்படியில் நோரீனுக்கு நிற்க இடமில்லை. ஆறு பெண்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, பன்றி இறைச்சியை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து மாடு கறந்தது யார், கன்றுகளுக்குப் பால் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் தானாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்த மட்டைப் பந்தாட்ட அரையிறுதியில் எதிர்த்து ஆடிய ஊர்க்காரர்களே மழையில் நனைந்தபடி வாசலில் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுடைய மட்டைதான் அவள் மகன் கோல்மனின் காதுக்கு மேலே பட்டது. வேண்டுமென்று அடித்ததல்ல, பந்துக்கு வீசியது. அந்தப் பையன் காலையிலிருந்து கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறான்.

முன்னறையில் சவப்பெட்டி இருந்தது. அதன் மேல் மூன்றாம் எண் போட்ட பச்சைச் சட்டையை விரித்திருந்தார்கள்.

கோல்மனுக்கு இருபத்தேழு வயது. ஹெல்மெட் போட்டால் பந்து தெரியாது என்று சாதித்தவன். ஞாயிற்றுக்கிழமை அடி வாங்கி விழுந்தான். பயிற்சியாளர் ஜிம்மி ஓடிவந்து தலையில் தண்ணீர் ஊற்றினார். எழுந்து மிச்சமிருந்த இருபது நிமிஷமும் ஆடினான். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்து, இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஊர் ஃபைனலுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை விடியலில் மாடு கறக்கும் கொட்டகையில் விழுந்தவன் எழவில்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர்.

டாக்டருக்கும், கணவர் மார்ட்டினுக்கும் தெரியாத ஒன்று நோரீனுக்குத் தெரியும். திங்கட்கிழமை கோல்மனால் ஜன்னல் பக்கம் திரும்பவே முடியவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு தடவை வாந்தியெடுத்தான். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. ஜிம்மிக்குத் தெரிஞ்சா ஃபைனல்ல என்னை எறக்க மாட்டாரு" என்றான். அவள் தொட்டியைக் கழுவிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஜிம்மி தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குள் வந்தபோது பேச்சு அடங்கியது.

"மார்ட்டின், நோரீன், அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ஃபைனல். நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நாங்க எறங்கல. ஊரே சேந்து எடுத்த முடிவு இது. ஆடலாம்னு சொன்னீங்கன்னா, மூணாம் நம்பர் சட்டையை டெக்லன் போட்டுக்கட்டும்."

டெக்லன் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தான். கோல்மனின் தம்பி, இருபது வயது. இனி நோரீனுக்கு இருக்கிற ஒரே பிள்ளை. மூன்று நாளாகச் செத்துப்போயிருந்த அவன் முகத்தில் இப்போது ரத்தம் ஓடியதை நோரீன் பார்த்தாள்.

மார்ட்டின் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "ஆடுங்க. அவன் இருந்தா அதைத்தான் சொல்லுவான்."

"வேணாம்" என்றாள் நோரீன். எல்லோரும் திரும்பினார்கள். "திங்கக்கிழமையே அவனுக்கு முடியல. வெளிச்சத்தைப் பாக்க முடியல. ரெண்டு தடவை வாந்தியெடுத்தான். சொல்லாதன்னான். நானும் சொல்லல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு..."

யாராவது திட்டட்டும் என்று காத்திருந்தாள். அடிப்பாவி என்று மார்ட்டினாவது கேட்கட்டும் என்று நின்றாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜிம்மியின் கண்கள் நிறைந்துவிட்டன. கிட்டே வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அதான் கோல்மன்! மண்டைக்குள்ள அவ்வளவு வலிய வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா?"

"சொல்லவே மாட்டான்" என்றது ஒரு குரல். "அன்னிக்கு ரெண்டு பல்லு புல்லுல விழுந்துச்சே, ஞாபகமிருக்கா? தேடப்போனா, 'விடுங்கடா, எங்கம்மா சமையலுக்கு மிச்சம் இருக்கறதே போதும்'னான்."

அறை சிரித்தது. மார்ட்டின் சிரித்துக்கொண்டே அழுதார்.

"நான் அதைச் சொல்லல ஜிம்மி. டெக்லன் ஆட வேணாம்னு சொல்றேன்."

"புரியுது நோரீன். பெத்தவங்க இன்னிக்கு வேற எப்படிப் பேசுவீங்க? டெக்லனை நாங்க பாத்துக்கறோம்."

மனதாரத்தான் சொன்னார். அந்த வீட்டில் அன்று கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. ஒருவராவது இருந்திருந்தால் அவரிடம் சண்டை போட்டிருக்கலாம். கிட்டி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சர்க்கரை கூடுதலாகப் போட்ட தேநீரைக் கையில் திணித்தாள்.

சர்ச்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் கதை அவளை முந்திக்கொண்டுவிட்டது. மதில் ஓரம் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாள் அப்படியே மாடு கறந்திருக்கான்யா. ஒரு வார்த்தை சொல்லலையாம்."

"யார் சொன்னது?"

"அவங்கம்மாவே சொன்னாங்களாம்."

இரண்டு ஊர் ஆட்டக்காரர்களும் மட்டையை நிமிர்த்திப் பிடித்து எதிரெதிரே வரிசையாக நின்றார்கள். நடுவே பெட்டி போனது. பெட்டியை இறக்கியபின் குழியை மூடுவது அணிக்காரர்களின் வேலை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மண்வாரி மாற வேண்டும், யாரும் நிறுத்தக் கூடாது. டெக்லன் கோட்டோடு முன்னால் போகும்போது நோரீன் அவன் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"எனக்காக, டெக்லன். நீ ஆடாத."

அவன் மெதுவாக அவள் விரல்களைப் பிரித்தான். "அவன் ஒரு வார்த்தை சொல்லலம்மா. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்றது?"

அந்தக் கதையை அவனுக்குக் கொடுத்ததே அவள்தானே.

ஈர மண் கனத்தது. நாலு பேர் நெருக்கியடித்து வாரிப் போட்டார்கள். எதிரே நின்றவனின் மண்வாரி ஒரு கல்லில் பட்டு வழுக்கி, டெக்லனின் இடது கையில் இறங்கியது. போட்டவன் கவனிக்கவில்லை. டெக்லனின் முகம் வெளுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான். நோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, ஒற்றைக் கையால் மண்ணைத் தள்ளத் தொடங்கினான்.

பையின் ஓரம் உள்ளிருந்து மெல்ல நனைந்து கறுத்தது. "மழை வலுக்குது" என்று கிட்டி குடையை நோரீனின் தலைக்கு மேலாக நகர்த்திப் பிடித்தாள்.