கரைப் பக்கம்

இந்தியாவுக்குப் போகிற கப்பலில் எந்தப் பக்கம் இடம் பிடிப்பது? ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்த நாளிலிருந்து என் பெண்சாதி மரியகொரட்டிக்கு வேறு பேச்சே இல்லை. போய் இறங்கினால் எங்கே தங்குவது, எதைத் தின்பது என்ற கவலையெல்லாம் என் தலையில். அவளுக்குப் பக்கம்தான் கவலை.

"கப்பலென்ன ஒங்கப்பன் வாங்கி விட்டதா, எடம் புடிக்க?" என்று எரிந்து விழுந்தேன்.

ஆனால் அவள் கவலையில் நியாயம் இருந்தது. எங்கள் மகள் செசிலிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, எங்களுக்கு இந்தியா. எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு அவள் புருஷனோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள். அங்கே பிறந்த பிள்ளையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. தலைமன்னார் துறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் போகிறவர்களை ரயிலிலிருந்து நேரே சோதனைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவார்களாம். வழியனுப்ப வருகிறவர்களைக் கப்பல் புறப்படும்போதுதான் துறைப் பாலத்துக்கு விடுவார்களாம். ஆகவே பேரப்பிள்ளையைப் பார்ப்பதென்றால் கப்பலில் நின்று பார்த்தால்தான் உண்டு.

பக்கம் பார்ப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. பதுளையில் ரயில் ஏறுகிறவர்கள் இடது பக்கமா வலது பக்கமா என்று முன்பே சொல்லி அனுப்பிவிடுவார்கள். எல்ல ஸ்டேஷனுக்கு அப்பால் தோட்டங்களில் இருக்கிற சொந்தபந்தம் கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் வந்து நின்று அழும். ரயிலும் யோக்கியமாக அதே பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகும்.

கப்பலைப் பற்றி யாரைக் கேட்பது? பதுளையில் புடவைக் கடை வைத்திருந்த வாஹித் முதலாளி அக்கரைக்குப் போய் வந்தவர்.

"ஏறுற பக்கந்தான் கரை. அந்தப் பக்கமே கம்பியப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க. உள்ளுக்குப் போனா ஒண்டும் தெரியாது" என்றார்.

மரியகொரட்டி கப்பலில் ஏறிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆம்பிளைகளையே இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். "ஏங்க, கெடச்சிருச்சு! சட்டுன்னு வாங்க!" ஏறுகிற பக்கமே, கம்பி ஓரம். எங்களுக்குப் பின்னால் சனம் மூட்டை முடிச்சோடு அடைத்துக்கொண்டது.

சங்கு ஊதிக் கயிற்றை அவிழ்த்தார்கள். துறைக் கேட்டைத் திறந்துவிட்டதும் தூரத்தில் சனம் ஓடி வருவது தெரிந்தது.

"அந்தா வர்றாங்க, அந்தா!" என்று என் கையைப் பிறாண்டினாள்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கப்பல் திரும்பியது. பாலம் மறைந்தது, கொட்டகை மறைந்தது, பிறகு வெறும் தண்ணீர். தண்டவாளத்தையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு, முகத்தைக் காட்டிய வண்டி முதுகைக் காட்டும் என்று எப்படித் தெரியும்?

"வழி விடுங்கய்யா, எம் பேரப்புள்ள அந்தப் பக்கம்!" என்று கதறினாள். நானும் கத்தினேன், ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எவன் நகருவான்? டிரங்குப் பெட்டிகளை மிதித்து ஏறி, ஏச்சும் பேச்சும் வாங்கி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஆளும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை.

அங்கே நமுனுகுலத் தோட்டப் பக்கத்துப் பெண்ணொருத்தி கம்பியில் சாய்ந்து நின்றாள்.

"கைப்புள்ளையோட ஒரு பொண்ணு வந்துச்சா தாயி?" என்று மரியகொரட்டி கேட்டாள்.

"வந்துச்சே. பாலத்து நுனி வரைக்கும் ஓடியாந்து புள்ளைய ஒசத்தி ஒசத்திக் காட்டுச்சு. எங்களுக்குன்னு யாரும் வரலங்க. அதப் பாக்கப் பாவமா இருந்துச்சு, நாங்க அஞ்சாறு பேரும் கைய ஆட்டுனோம்."

"புள்ள யாரு சாடை?"

"அம்புட்டுத் தூரத்துல என்னத்தத் தெரியும்? வெள்ளத் துணி சுத்தியிருந்துச்சு."

"நீங்க கையாட்டுனத அவ பாத்தாளா?"

"பாத்துச்சும்மா. அதுவும் ஆட்டுச்சு. பெறகுதான் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பிப் போச்சு."

என்னால் அந்தப் பெண்ணைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. மரியகொரட்டி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

"போனதும் செசிலிக்கு எழுதிப் போடுவோம் புள்ள. நாங்க மறுபக்கம் மாட்டிக்கிட்டோம்னு" என்றேன்.

"வேணாங்க" என்றாள். "அம்மா பாத்துட்டான்னு நெனச்சுக்கிட்டுப் போறா. பாக்கலன்னு எழுதிறாதீங்க."