பந்தல் பைப்பு

கொல்லையில் அந்தப் பாகல் பந்தலை ஹமீது போட்டது ஆறு வருஷத்துக்கு முன்னால், சவுதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்திருந்தபோது. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டிப் பழகிய கை. பைப்பு நட்டு, கம்பி இழுத்து, இரண்டே நாளில் எழுப்பிவிட்டுப் போனான். நாலு வருஷம் நன்றாகக் காய்த்தது. அப்புறம் கம்பி அறுந்து, நிழல்வலை கிழிந்து, காக்கா உட்காரத்தான் பந்தல் என்றாகிவிட்டது.

இந்த முறை அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அங்கே சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. எப்படி விழுந்தான் என்று மனைவி ஜுலைகா இரண்டு தடவை கேட்டாள். அவன் வாயே திறக்கவில்லை. பெட்பேன் வைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துத் தினம் நடந்தால் கால் திரும்பும், தள்ளிப்போட்டால் திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் எதற்கும் அசையாதவன் வியாழக்கிழமை காலையில் தானாகவே சொன்னான்:

"கொல்லக் கதவுலேர்ந்து பாத்ரூம் வரைக்கும் கம்பி வெச்சுக் குடு. நாளைக்கு ஜும்ஆ தொழுகை. நானே நடந்துபோயி குளிக்கிறேன்."

ஜுலைகாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பீங்கான் கம்பெனிகளுக்கு வெல்டிங் வேலை செய்யும் கோதண்டபாணியைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் பந்தலைப் பிரித்தார். கதவிலிருந்து பாத்ரூமுக்கு எட்டடி. பந்தல் காலும் எட்டடி. பக்கத்துக்கு ஒன்று போதும். ஆனால் மண்ணில் புதைந்திருந்த முனையைத் தட்டிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அடி முனை இத்துப் போயிருக்குது தங்கச்சி. ஒரு அடி வெட்டிடணும்."

"ஒரு அடி கொறஞ்சா கதவுகிட்ட எதண்ணே புடிப்பாங்க?"

"புதுத் துண்டு ஒட்டலாம். ஆனா நாளைக்குக் காலையிலேர்ந்து பீங்கான் கம்பெனியில சூளை வண்டி வேல. திங்கக்கெழமதான் வர முடியும்."

திங்கள்வரை அவன் மனசு இப்படியே இருக்கும் என்று யார் கண்டார்கள்? "அப்படியே வெச்சிடுங்கண்ணே. அவங்க ஒடம்புல என்ன கனம் இருக்குது, எலும்புதான மிச்சம்" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இத்த முனைகளைப் பாத்ரூம் பக்கம் வரும்படி பிடித்து வெல்டிங் வைத்தார்.

பழைய இரும்பு என்று தெரிந்தால் அவன் மனசு கோணும். கடைத்தெருவுக்குப் போய் ஒரு டப்பா சில்வர் பெயிண்ட் வாங்கிவந்து அவளே அடித்தாள். துரு அதிகம் இருந்த இடத்தில் இரண்டு தடவை.

வெள்ளிக்கிழமை காலை அவனைக் கதவருகில் நிறுத்தினாள். சாரக்காரன் புத்தி போகுமா? முதலில் விரல் முட்டியால் பைப்பைத் தட்டினான். கணீரென்றது.

"நல்ல பைப்புதான். எம் மேல கைய வெக்காத."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னாலேயே போன ஜுலைகா மூச்சுவிடவும் பயந்தாள். இன்னும் ஒரே எட்டு வைத்தால் பாத்ரூம். இடது கையில் பாரத்தைப் போட்டு அவன் காலை எடுத்தபோது பைப்பு முறிந்தது. அடிபட்ட இடுப்பே தரையில் மோத விழுந்தான்.

பக்கத்தில் கிடந்த உடைந்த துண்டை எடுத்து நகத்தால் சுரண்டினான். பெயிண்ட் தோலாக உரிந்து, உள்ளேயிருந்து துரு கொட்டியது.

"யாரு அடிச்சா பெயிண்ட்டு?"

"நாந்தாங்க..."

அவளையே பார்த்தான். கோபமாவது பட்டிருக்கலாம். "அங்கயும் இப்படித்தான் ஜுலைகா. துருப்புடிச்ச பைப்புக்குப் பெயிண்ட்டு அடிச்சி, ஏறுன்னாங்க. ஏறுனேன்."

அவனைத் தொட அவள் கை நீண்டது; தொடுவதற்குப் பயமாக இருந்தது.

"உள்ள தூக்கிட்டுப் போ" என்றான். "ஒரு துணிய நனச்சித் தொடச்சி வுடு. இனிமே எனக்கு அதுவே போதும்."