நெஸ்ரின் போடாத கூச்சல்

முத்தத்தை வெட்டிவிடுவார்கள். கதவை உடைப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். பிஷ்கேக்கில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் பதினோரு வருடமாகத் துருக்கித் தொடர்களுக்குக் கிர்கிஸ் மொழியில் குரல் கொடுக்கிறவள் நான். வசனம் எழுதும் சபிர்பெக்குக்கு உதடும் உதடும் ஒட்டினால் உடம்பெல்லாம் கூசும். "குடும்பத்தோட உக்காந்து பாக்குற நேரம் அக்கா" என்பார். அதே மனிதர், கதாநாயகன் ஒரு பெண்ணைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் அறையில் பூட்டினால் ஒரு நொடிகூட வெட்டமாட்டார். கேட்டால் அது காதலாம்.

ஏழு மணித் தொடரின் கதாநாயகி நெஸ்ரினுக்கு நான்தான் குரல். நாற்பத்திரண்டாவது பகுதியில், அவள் உள்ளே தாழிட்டுக்கொண்ட அறைக்குள் கதாநாயகன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். துருக்கி மொழியில் அவள் தொண்டை கிழியக் கத்துகிறாள். எனக்கு வந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: "வேண்டாம், யாராவது பார்த்துவிடுவார்கள்."

"இவ கத்துறாளே சபிர்" என்றேன்.

"கத்தினா குழந்தைங்க பயந்துடும். கொஞ்சம் வெட்கத்தோட சொல்லுங்கக்கா."

வெட்கத்தோடு சொன்னேன். அந்த வாரம் நிலையத்துக்குப் பாராட்டு குவிந்தது. மறைப்பானேன், எனக்கும் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, தோக்மோக்கிலிருந்து என் தங்கை அனார்கான் போன் செய்தாள்.

"அக்கா, ஜிபாரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

ஜிபார் அவளுடைய மகள். பத்தொன்பது வயது, நர்ஸ் படிப்பில் மூன்றாம் வருடம். கல்லூரிக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றவளை நான்கு பேர் சேர்ந்து காருக்குள் தள்ளியிருக்கிறார்கள். தூக்கியவன் கோச்கோர் பக்கத்து வேன் டிரைவர், தலாய் என்று பெயர். அவன் வேனில் அவள் இரண்டு தடவை போயிருக்கிறாள், அவ்வளவுதான் பழக்கம்.

"போலீசுக்குச் சொன்னியா?"

"சொன்னேன். நல்ல குடும்பம்தான், கவலைப்படாதீங்கன்னு சொல்றாங்க."

"நீ ஏன் இன்னும் கிளம்பல?"

"இவர் தயங்குறாரு அக்கா. ஒரு ராத்திரி அங்க தங்கிட்டா, அப்புறம் கூட்டிட்டு வந்து என்ன பண்றதுங்கறார்."

"இப்போ மணி பதினொண்ணு. ராத்திரி எங்க வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கோச்கோருக்கு டாக்சி பிடித்தேன். இருட்டுவதற்குள் அவளை வெளியே கொண்டுவர வேண்டும். இருட்டிவிட்டால் அவள் அப்பனே அவளை வாசலில் ஏற்றமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.

நான் போய்ச் சேரும்போது தலாய் வீட்டில் கல்யாணமே தொடங்கிவிட்டது. ஆடு அறுத்தாயிற்று. முற்றத்தில் எண்ணெய் கொதித்தது, விருந்துக்கான போர்சோக் மாவுத் துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன. உள்ளே மூலையில் புதுப்பெண்ணுக்கான திரை கட்டி, அதன் பின்னால் ஜிபாரை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். அவள் தலையில் வெள்ளை முக்காட்டைப் போடுவதும் அவள் இழுத்து எறிவதுமாக இருந்தது. அது தலையில் நின்றுவிட்டால் சம்மதம் என்று கணக்கு.

"நான் ஜிபாரோட பெரியம்மா" என்றேன்.

பையனின் அம்மா கலிபா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இருங்க. இது நெஸ்ரின் குரலாச்சே?"

அவ்வளவுதான், பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மெத்தை போட்டார்கள், தேநீர் ஊற்றினார்கள், வெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்கள். ஜிபாரை மறந்தே போனார்கள்.

"இன்னொரு தரம் பேசுங்கக்கா, கேக்கணும்" என்றாள் அந்த வீட்டு மூத்த மருமகள் உல்ஜான். வாயாடி. திரைப் பக்கம் திரும்பி, "ஏய் பொண்ணே, என்னையும் இப்படித்தான் கொண்டாந்தாங்க. நானும் ஒரு நாள் பூரா அழுதேன். இப்போ என் புருஷன்தான் அழறான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் வந்தது. "பெரியம்மா, காலையிலேர்ந்து வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். யாரும் காதுல வாங்கல."

கலிபா அன்பாகத்தான் பதில் சொன்னாள். "நெஸ்ரினும் வேண்டாம் வேண்டாம்னுதானே சொன்னா கண்ணு. அப்புறம் அவன் மேல உயிரையே வச்சுட்டாளே. நீங்களே சொல்லுங்கக்கா, உங்க வாயால சொன்னதுதானே."

பையன் கதவருகில் நின்றான். காது சிவந்திருந்தது. முகத்தில் கெட்ட களையே இல்லை. "நான் பொறுக்கி இல்லக்கா. வேன்ல ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சிரிச்சா. கார்ல ஏத்தும்போது வேண்டாம்னா. வெட்கப்படுறான்னு நெனச்சேன். அம்மாவும் நானும் தினம் பாக்குறோம், நெஸ்ரினும் அப்படித்தானே."

அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. யாரை அறைவது? அவனையா, சபிர்பெக்கையா, கண்ணாடி அறையில் உட்கார்ந்து வெட்கத்தோடு கிசுகிசுத்தவளையா?

எழுந்து நின்றேன். "நாப்பத்திரெண்டாவது பகுதி பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தோம்" என்றாள் உல்ஜான்.

"அதுல நெஸ்ரின் சொன்னது அது இல்ல. எழுதிக் கொடுத்ததை நான் சொன்னேன். அவ சொன்னது இது."

கத்தினேன். மூன்று மாதத்துக்கு முன் விழுங்கிய கூச்சலை அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினேன். "தொடாதே. தள்ளிப் போ. அம்மா, அம்மா, யாராவது வாங்க. உன்னைப் பாத்தாலே குமட்டுது. தொட்டா செத்துடுவேன்." அவள் எப்படிக் கத்தினாளோ அப்படியே, மூச்சு முட்டும்வரை. யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை வீரிட்டது. முற்றத்தில் போர்சோக் பொரித்தவள் எண்ணெய்க் கரண்டியோடு ஓடி வந்தாள்.

உல்ஜான் தன் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் அப்படித்தான் கத்தினேன்" என்றாள் மெல்ல. கிண்டல் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஜிபார், வா" என்றேன்.

திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். ஒரு கன்னத்தில் நகக்கீறல். பையன் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டான். கலிபா விடவில்லை. கண்ணைக் காட்டினாள். அந்தக் குடும்பத்திலேயே மூத்த கிழவி, எண்பது தாண்டியவள், தடியை ஊன்றி மெதுவாக நடந்து போய் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பூட்டு வேண்டாம், இது போதும். படியில் கிடக்கும் கிழவியைத் தாண்டினால் அவள் சாபம் பிடிக்கும், வயிறு திறக்காது, வாழ்வு விளங்காது. எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் அழுதுகொண்டே திரும்பிப் போய் முக்காட்டைப் போட்டுக்கொண்டார்கள். ஊசி போடப் படிக்கிற ஜிபாரும் நின்றுவிட்டாள்.

"சாபம் கொடுக்கணும்னா எனக்குக் கொடுங்க ஆத்தா" என்றேன். "இந்தப் பொண்ணை இங்க கொண்டாந்து உக்கார வச்ச வாய் என்னோடது. எனக்குத்தான் அது வந்து சேரணும்."

தாண்டினேன். கிழவி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். வெளியே நின்று கையை நீட்டினேன். அப்போது உல்ஜான் எழுந்து வந்தாள். மூலையில் ஒளித்து வைத்திருந்த ஜிபாரின் பூட்ஸை எடுத்து, கிழவிக்கு மேலாக எட்டி, என் காலடியில் வைத்தாள். மாமியார் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஜிபார் என் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.

தோக்மோக் வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. அனார்கான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். இருட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் மகளின் தலையைத் தடவினான். எனக்கு வந்த ஆத்திரத்தைத் தங்கை முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

விரிப்பை விரித்து ரொட்டியும் தேநீரும் வைத்தாள் அனார்கான். மணி ஏழு. பழக்கதோஷம், கை தானாகப் போய் டிவியைப் போட்டது. நெஸ்ரின் கதாநாயகன் தாரிக்கின் தோளில் சாய்ந்திருந்தாள். "அன்னைக்கு நீ என்னைத் தூக்கிட்டு வராம இருந்திருந்தா" என்று கொஞ்சினாள். போன மாதம் நான் கொஞ்சியது.

அனார்கான் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் இன்னும் ஈரம். "என்ன இருந்தாலும் இவன் அவளை எப்படித் தாங்குறான் பாரேன்" என்றாள்.

ஜிபார் டிவியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பெரியம்மா, திங்கக்கிழமை உங்களுக்கு ரெக்கார்டிங் இருக்கா?"

"இருக்கு."

"அங்க ஏழெட்டுப் பேர் முன்னாடி கத்தினீங்களே. அதை மைக்ல கத்துவீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நெஸ்ரின் சிரித்துவிட்டாள், என் குரலில்.