சியூலுவானின் புருஷன்

கீலுங் துறைமுகத்தில் குடும்பப் பதிவுக் கணினியிலிருந்து ஒரு ஆளை அழித்தால், அந்த ஆள் நின்ற இடத்தில் ரத்தம் மட்டும் கிடக்கும். மழைக்காலத்தில் கணவாய் மீன் விலை ஏறுவதைப் போல இதுவும் ஊருக்குத் தெரிந்த விஷயம். அதனால் முரண்பட்ட பதிவுகளைச் சரிசெய்யப் புது நிரல் வந்தபோது, மீன் உருண்டைக் கடை சியூலுவான்தான் முதலில் பயந்தாள். அவள் புருஷன் ஆதூ கடலில் செத்ததாக ஒரு பதிவு இருந்தது. அதை நம்பி அவள் பூன்ஹிங்கைக் கட்டிக்கொண்டது இன்னொரு பதிவு. பல வருஷம் கழித்து ஆதூ உப்புப் பூத்த தாடியோடு திரும்பி, படகிலிருந்து மீன் இறக்கிக் கூலி வாங்கியதும் பதிவாகிவிட்டது. செத்தவன் கூலி வாங்க முடியாது, ஒருத்திக்கு ஒரே சமயத்தில் இரண்டு புருஷன் கூடாது என்பவை நிரலின் விதிகள். எவன் பக்கம் பதிவு குறைவோ அவனை அது அழித்துவிடும். அன்றைக்கு இரண்டு பக்கமும் சமமாக நின்றன.

நிரலை எழுதிய லோ இதைச் சொன்னதும், அது முடிவெடுக்கும் முன் தாங்களே முடித்துவிடலாமென்று இரண்டு புருஷன்களும் மீன் கத்தியை எடுத்தார்கள். ஆதூ பூன்ஹிங்கின் வலது காதை அறுத்தான். போலீஸ் ஆதூ பேரில் ஒரு பதிவு போட்டது, ஆஸ்பத்திரி பூன்ஹிங் பேரில் ஒன்று போட்டது. மறுபடி சமம். பூன்ஹிங் ஆதூவின் இடது கையில் இரண்டு விரலை வெட்டினான். அப்போதும் சமம். "செத்தவனுக்கு என்னடா சோறு?" என்று பூன்ஹிங் கத்துவான். "செத்தவன் வெட்டுனா வலிக்குதுல்ல?" என்பான் ஆதூ. சூறாவளிகள் வந்து போயின. அழியாமலும் நிலைக்காமலும் இருந்த அந்த உடம்புகளில் எந்தக் குத்தும் உயிர் வரை போகவில்லை.

"நீயே ஒருத்தன் பேர்ல கையெழுத்துப் போட்டுடு அக்கா. ஒரே பதிவு, முடிஞ்சிரும்," என்றாள் லோ.

"எவன அழிச்சாலும் ரத்தம் என் வீட்டுத் தரையிலதாண்டி கெடக்கும். தொடைக்கிறவ நானு. ஒன் மெஷினுக்கு அழிக்க மட்டுந்தான் தெரியுமா?"

லோ யோசித்தாள். யாரையும் அழிக்காமலே, எவனை அழித்தாலும் மாறாமல் நிற்பதை மட்டும் உண்மையென்று வைத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றி, அதனிடம் கேட்டாள். ஆதூ புருஷனா? பதில் வரவில்லை. பூன்ஹிங் புருஷனா? பதில் வரவில்லை. சியூலுவானுக்குப் புருஷன் உண்டா? உண்டு.

அன்று சாயங்காலம் கூச்சல் நின்றது. வீட்டில் இரண்டு பேர் இடத்தில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். வலது காது இல்லை, இடது கையில் மூன்றே விரல். சியூலுவான் பழைய சண்டை ரத்தம் போகத் தரையைக் கழுவிவிட்டு ஒரே ஒரு கிண்ணம் வைத்தாள். சில நாள் அவன் வலது கை, சாப்பாட்டுக் குச்சியால் இடது கையைக் குத்தப் போகும்.

"மொதல்ல சாப்பிடு, ஆறுது," என்பாள். அவன் சாப்பிடுவான்.