அக்காவின் போனுக்கு வரும் எண்

அக்கா நெஞ்சுவலியில் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவள் போனுக்கு மட்டும் இன்னும் உயிர் இருக்கிறது. அவள் மகள் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். எனக்காகத்தான். அக்கா பெயரில் ஓடுகிற என் கம்பெனிக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்ய, அந்தப் போனுக்கு வரும் ஆறு இலக்க எண் வேண்டும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷமாக ஒரே நிறுவனத்தில் மாதச் சம்பளம். வேறு தொழில் செய்யமாட்டேன் என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்தேன். கம்பெனியை என் பெயரில் பதிந்தால் வேலை போகும்; போகாவிட்டாலும் சம்பளத்தோடு சேர்ந்து வரி எகிறும். தையல் மெஷினே கதியென்று கிடந்த அக்காவுக்கு வரி கட்டுமளவு வருமானமே கிடையாது. அவளைக் கேட்டேன்.

"என் பேர்ல போட்டுக்கோடா. பேருக்கு வாடகையா கேக்கப் போறேன்?" என்று சிரித்தாள்.

நாலு வருஷம். லாபம் வரி வரம்பைத் தொடாமல் மயிரிழையில் நிற்கும்படி நானே பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. எண் வந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் படிப்பாள். முடித்ததும், "எழுதிக்கிட்டியா தம்பி?" என்பாள். இப்போது லிஃப்ட் குழிக்குள் தனியாக நிற்கும்போது, பட்டப்பகலில், அந்தக் குரல் காதருகில் கேட்கிறது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இறந்தவருக்கும் கடைசிக் கணக்கு ஒன்று உண்டு என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா மகள், மதிய இடைவேளையில் ஆடிட்டர் அறைக்கே வந்து போனை என் கையில் வைத்தாள். எண்ணைத் தேடிக் குறுஞ்செய்திகளைத் திறந்தேன். அழியாமல் மேலேயே நிற்கும்படி யாரோ நிறுத்தி வைத்த ஒரு பழைய செய்தி இருந்தது. ஆஸ்பத்திரியின் உதவிப் பிரிவு அனுப்பியது. இலவச இதய அறுவைச் சிகிச்சைக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வரிப் பதிவின்படி ஆண்டு வருமானம் உதவி வரம்புக்கு மேல்.

வரி வரம்புக்குக் கீழே, ஏழை என்கிற வரம்புக்கு மேலே நிறுத்தியிருக்கிறேன் அவளை. அப்படி இரண்டாவதாக ஒரு வரம்பு இருப்பதே இந்த மேதாவிக்குத் தெரியாது.

தேதியைப் பார்த்தேன். போன வருஷம் அந்த வாரம்தான் அக்கா என் வீட்டுக்கு வந்து, கம்பெனியைக் கொஞ்ச நாள் மூடி வைக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். நான் வள்ளென்று விழுந்தேன். இதெல்லாம் உனக்குப் புரியாது, பேசாமல் இரு என்றேன். பேசாமல்தான் இருந்தாள். அடுத்த மாதம் ஆபரேஷன் என்ன ஆச்சு என்று விசாரித்தபோது, டாக்டரே வேண்டாமென்றுவிட்டார், மாத்திரை போதுமாம் என்றாள். அப்பாடா, செலவு மிச்சம் என்று நினைத்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன்.

அக்கா மகளிடம் திரையைக் காட்டினேன். 

"தெரியும் மாமா," என்றாள். "உங்க வேலை போயிடும், சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. நான் சொல்லல. போனை மட்டும்தான் குடுத்தேன்."

முகத்தில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாலு வருஷ வருமானமும் என்னுடையது என்று ஆடிட்டரை எழுதச் சொன்னேன். கடுமையாக அபராதம் போடுவார்கள், நிறுவனத்துக்கும் தெரியவரும், வேலை தங்காது என்று ஆடிட்டர் எச்சரித்தார். அது போன வருஷமே போயிருக்க வேண்டிய வேலை என்றேன். அதற்கும் முதலில் வரித் தளத்தில் அக்கா கணக்கைத் திறந்தாக வேண்டும். ஆடிட்டர் பட்டனைத் தட்டினார். என் உள்ளங்கையில் அக்காவின் போன் அதிர்ந்தது.

அக்கா மகள் போனை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, அவள் அம்மா படிக்கிற மாதிரியே படித்தாள். ஆறாவது முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"எழுதிக்கிட்டீங்களா மாமா?"

ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.