மாத்து ஜீப்பு

கம்பம்மெட்டு இறக்கத்தில் மாரிசெல்வம் பிரேக்கை ஒரு மிதி மிதிக்கிற இடத்தில் இரண்டு மிதி மிதிப்பதைப் பவுனு ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். பார்க்காமல் இருக்க முடியாது. முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அவள்தான். அனுமந்தன்பட்டியிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு அவள் கங்காணி. விடியுமுன் வாசல் வாசலாகப் போய்க் குரல் கொடுப்பதிலிருந்து, சாயங்காலம் எல்லோரையும் அவரவர் தெருவில் இறக்கிவிடுவது வரை அவள் பாடு. ஜீப்பும் அவளுடையதுதான். ஓட்டுகிறவன் அவள் மகள் கயலின் புருஷன்.

வீட்டு மாப்பிள்ளையை எடுத்தெறிந்து பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஒரு வளைவில் ஜீப் நிற்காமல் நழுவி, ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. பின்னால் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். மாப்பிள்ளை மரியாதையைப் பவுனு அந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டாள்.

"ஏலே மாரி, நீ ஓட்டுறது சரக்கு வண்டியா? நாளைக்கு இது மலை ஏறக் கூடாது. நேரா சேவியர் ஷெட்டுக்கு விடு."

மெக்கானிக் சேவியர் ஜீப்புக்கு அடியில் படுத்து, சேசிஸை ஒட்டி ஓடுகிற பிரேக் பைப்பை ஸ்குரூடிரைவரால் சுரண்டினான். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒரு இடத்தில் எண்ணெய் வியர்த்து நின்றது.

"உர மூட்டையும் மருந்துக் கேனும் ஏத்துறீகல்லக்கா, அது ஒழுகி ஒழுகித் தின்னுருக்கு. எல்லாப் பைப்பும் போச்சு. தேனிக்குப் போய் வாங்கியாரணும். எப்படியும் ரெண்டு நாளாகும்."

"ஒழுகுற பைப்ப மட்டும் வெட்டி, மடக்கி அடிச்சு அடைச்சுவிடுண்ணே," என்றான் மாரிசெல்வம். "மூணு சக்கரம் பிடிச்சாப் போதும். சீசன் முடியட்டும், பாத்துக்கலாம். எல்லாரும் அப்படித்தான ஓட்டுறாக."

அதுவும் பொய்யில்லை. மலை ஏறுகிற ஜீப்புகளில் பாதி அப்படி மூன்று கால் நொண்டிகள்தான். பவுனு ஒத்துக்கொள்ளவில்லை. "மொத்தத்தையும் மாத்து சேவியரு. என் பேச்ச நம்பி ஏறுறாளுக" என்று முடித்துவிட்டாள். அப்படிச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் காய் பழுத்து நிற்கிற நேரத்தில் இரண்டு நாள் ஆள் போகாவிட்டால், தோட்டத்து சூப்பர்வைசர் வேறு கங்காணியை வரச்சொல்லிவிடுவான். அப்புறம் ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான். அதற்கு இந்தப் பக்கத்து ஜீப்புக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை மாத்து என்பார்கள். ஒருவன் ஜீப் படுத்துவிட்டால் அவன் ஆட்களை அடுத்தவன் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தன் ஜீப்பு ஏற்கனவே நிறைந்து வழிகிறது என்று யாரும் சொல்ல மாட்டான். நாளைக்கு அவனுக்கும் இந்தக் கதி வரும் என்பது அவனுக்குத் தெரியும். மடியில் உட்காருவார்கள், பின்கதவில் தொங்குவார்கள், எப்படியோ போய்விடுவார்கள். அடுத்த தெரு வினோத்ராஜ் கேட்டதும் சரி என்றான். புதுப் பெயிண்டு அடித்த, பாட்டுப் போடுகிற ஜீப்பு. அதன் அடியில் பைப் எப்படி இருக்கிறது என்று பவுனு கேட்கவில்லை.

எல்லாப் பெண்களும் சரி என்றார்கள், சங்கிலியம்மாளைத் தவிர. அவள் பயந்தாங்கொள்ளி. இறக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவாரம் வரும்வரை கருப்பசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வருவாள்.

"நம்ம ஜீப்பு வரட்டும் மதினி. நான் ரெண்டு நாள் வீட்ல கெடக்கேன். தெரியாத ஜீப்புல எனக்கு உசுரு நிக்காது."

பவுனு அவள் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள். "ஆளு ஒண்ணு கொறஞ்சாலும் அங்கன எனக்குத்தான் ஏச்சு. பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் உசுரு மேல இம்புட்டு ஆசையா மதினி?"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த சங்கிலியம்மாளின் புருஷன் லிங்கேஸ்வரன் உரக்கச் சிரித்தார். சங்கிலியம்மாளும் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கடைசி ஆளாக வந்து ஏறினாள்.

முதல் நாள் நல்லபடியாகப் போய்த் திரும்பினார்கள். இடுப்பு ஒடிந்துவிட்டது என்று குறை சொன்னார்கள், அவ்வளவுதான். பவுனுவுக்கு மனசு லேசானது. அன்றே மாரிசெல்வம் தேனிக்குப் போய்ப் பைப் வாங்கி வந்தான். மறுநாள் பொழுதெல்லாம் சேவியர் பைப்பை வளைத்து, முனையை விரித்து, ஒவ்வொன்றாகப் பூட்டினான். பழைய குழாய்கள் ஷெட் மூலையில் செத்த பாம்புகளாகக் கிடந்தன. சாயங்காலம் குழாய்க்குள் நின்ற காற்றை வெளியேற்றும் வேலை மட்டும் பாக்கி. மாரிசெல்வம் எண்ணெய் ஊற்ற, பவுனு டிரைவர் சீட்டில் ஏறிப் பெடலில் கால் வைத்தாள்.

"மிதிங்கக்கா... மிதிங்க... அப்படியே பிடிங்க." சக்கரத்தடியிலிருந்து சேவியரின் குரல் வந்தது. "நான் சொல்ற வரைக்கும் விட்டுறாதீக. விட்டா காத்து உள்ள போயிரும்."

மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவதில் அவள் பெடலை அழுத்திப் பிடித்திருந்தபோது, பக்கத்துச் சீட்டில் கிடந்த போன் அடித்தது. கயல் பெயர் தெரிந்தது. தானில்லாத குறைக்குக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள மகளைத்தான் அனுப்பியிருந்தாள். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மாரிசெல்வம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தான்.

போனைக் காதில் அழுத்திக் கேட்டுக்கொண்டே நின்றான்.

"என்னப்பா?"

"ஜீப்பு கவுந்துருச்சாம் அத்தே. இறக்கத்துல. கயலுக்குக் கை ஒடிஞ்சிருச்சு, ஆம்புலன்ஸுல ஏத்திட்டாக." போனைச் சீட்டில் வைத்தான். "பின்கதவுல உக்காந்தவுகளுக்குத்தான் பலமான அடியாம்."

சேவியர் காற்று வெளியேறும் நிப்பிளை முடுக்கிவிட்டு வெளியே வந்தான். "விடுங்கக்கா. முடிஞ்சிருச்சு." பவுனுவின் கால் பெடலை விட்டு வரவில்லை. அவன்தான் குனிந்து அவள் காலை எடுத்துவிட்டான்.

பின்கதவில் உட்கார்ந்தது யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாக வந்து ஏறுகிறவளுக்குக் கடைசி இடம்தானே கிடைக்கும்.

அதே ஜீப்பில் ஊருக்குள் போய் லிங்கேஸ்வரனை ஏற்றிக்கொண்டு மலை ஏறினார்கள். அடிபட்டவர்களை எல்லாம் வந்த வண்டிகளில் அனுப்பிவிட்டிருந்தார்கள். வினோத்ராஜ் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "மிதிச்சேன், தரை வரைக்கும் போச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ரோட்டோரம் சங்கிலியம்மாள் மட்டும் யாருடைய சேலையாலோ மூடிக் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்கு நீங்களே கொண்டுபோங்கள் என்றார் போலீஸ்காரர்.

ஜீப்பின் பின்பக்கத்தில் லிங்கேஸ்வரன் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பவுனு எதிரே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் கொன்றேன் என்று அவளுக்குள் ஓயாமல் ஓடியது. வாய்விட்டுச் சொன்னால் அவர் இல்லை என்று ஆறுதல் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அதைக் கேட்கிற தகுதி தனக்கில்லை என்று நினைத்தாள்.

"நம்ம ஜீப்பு ஏன் பவுனு ரெண்டு நாளா மலைக்கு வரல?" என்றார் லிங்கேஸ்வரன். தெரிந்துதான் கேட்டாரா, எல்லாம் மறந்துபோய்க் கேட்டாரா என்று புரியவில்லை.

"பிரேக் வேல நடந்துச்சுண்ணே."

அவர் தலையை ஆட்டினார்.

ஒரு வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. மாரிசெல்வம் மிதித்தான். ஜீப் அலுங்காமல் குலுங்காமல் அந்த இடத்திலேயே நின்றது.

"நல்லாப் பிடிக்குது அத்தே," என்றான். டிரைவர் புத்தி, வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

பவுனு அவனைத் திட்டவில்லை. விலகிய சேலையை இழுத்துச் சங்கிலியம்மாளின் பாதத்தை மூடினாள்.

"பையப் போப்பா," என்றாள். "மதினி பயப்படுவாக."