அணையாத கணப்பு

ட்வைலா உள்ளே வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் ராய்ஸ் கணப்பின் முன்னால் மண்டியிட்டிருந்தான். அடக்கத்துக்குப் போட்டுவந்த கறுப்புக் கோட்டு அவன் முதுகில் இறுகிக்கிடந்தது. ஒரு கையால் கேஸ் குழாயின் வால்வைத் துழாவினான். அதில் கட்டியிருந்த சிவப்பு அட்டையை மறு கையால் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அப்பாவை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோன அன்று, இனி இதைப் பற்றவைக்கக் கூடாது என்று கேஸ் கம்பெனிக்காரன் கட்டிய அட்டை அது.

“என்ன பண்ற ராய்ஸ்?”

“பாத்தா தெரியல? சர்ச் மொத்தமும் சாப்பிட வருது. உங்கம்மா நடுங்கிட்டிருக்காங்க.”

“அத மூடி அட்டை கட்டிருக்காங்க.”

“அவன் எதுலதான் கட்டல? சம்பளம் வாங்கறான்ல, கட்டிட்டுப் போறான்.”

ட்வைலாவின் தங்கை நெல்டாவின் கணவன் அவன். எதையும் திருகத் தெரிந்தவன் என்று அந்தப் பள்ளத்தாக்கில் பெயர். திருகத் தெரிவதும் தெரிந்து திருகுவதும் ஒன்றா என்று யாரும் கேட்டதில்லை.

போன குளிர்காலத்தில் அப்பாவின் பழைய நிலக்கரி அடுப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புகைபோக்கி வேண்டாத இந்தக் கணப்பை வைத்தவன் அவன்தான். சின்ன அறை, சின்னது போதும் என்றான் கடைக்காரன். ராய்ஸ் இருப்பதிலேயே பெரியதை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். காற்று வராமல் புகைபோக்கியில் பஞ்சை அடைத்தான். ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டினான். பீங்கானில் செய்த விறகுகளை அழகாக அடுக்கினான்.

பற்றவைத்துக் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அணைந்தது. மறுநாளும் அணைந்தது. அறைக் காற்று கெட்டுப்போனால் தீயை நிறுத்த உள்ளே ஒரு காவல் கருவி உண்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள் என்று கூட வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது. ட்வைலா அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள்.

“வாசலயா சூடு பண்ணச் சொல்ற?” என்றார் அப்பா. “கேஸுக்கு உன் புருஷனா காசு கட்டறான்?”

ஒரு மத்தியானம் ராய்ஸ் ஸ்குரூ டிரைவரோடு வந்து கணப்பின் முன் குப்புறப் படுத்தான். அதற்குப் பிறகு தீ அணையவே இல்லை. என்ன செய்தாய் என்று ட்வைலா கேட்டதற்கு, சொன்னாலும் உனக்குப் புரியாது என்று சிரித்தான். அப்பா அவன் முதுகில் தட்டினார். “இந்தக் குடும்பத்துல மூளையுள்ளவன் ஒருத்தனாவது இருக்கானே!” அம்மா அவனுக்கு பெக்கான் பருப்பு போட்டு இனிப்புப் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள். சாவை வரவேற்று விருந்து வைத்த வீடு என்று ட்வைலா இப்போது நினைத்தாள். அப்படி நினைப்பது அதிகமோ என்று தோன்றியது. அதிகமில்லை என்று முடிவுசெய்தாள்.

அம்மாவும் நெல்டாவும் சர்ச்சுக்குப் போயிருந்த ஞாயிறு மாலை, அப்பா சாய்வு நாற்காலியில் தூங்கியபடியே போய்விட்டார். கன்னங்கள் நல்ல சிவப்பாக இருந்தன. கணப்பிலிருந்து வந்த, வாசனையே இல்லாத விஷக்காற்று என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அந்தச் செய்தி சர்ச் வாசலைத் தாண்டுவதற்குள் மாரடைப்பாகிவிட்டது. உறக்கத்தில் கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்று பாஸ்டர் ஓகிள் பிரசங்கித்தபோது, முதல் வரிசையில் இருந்த ராய்ஸ் ஆமென் என்றான். பெட்டியைத் தூக்கும்போதும் அவனே முன்னால் நின்றான்.

இப்போது கணப்பு பற்றிக்கொண்டது. பீங்கான் விறகின் மேல் மஞ்சள் தீ ஆடியது.

“எப்டி எரியுது பாரு!” என்றான் ராய்ஸ்.

அம்மா போர்வையோடு வந்து அப்பாவின் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஹாம், பொரித்த கோழி, மசாலா முட்டை, வாழைப்பழப் புட்டிங். மேசை நிறைந்தது. பாஸ்டர் தட்டில் கோழியை எடுத்துக்கொண்டு திரும்பியவர் தீயைப் பார்த்தார். கொஞ்சம் நின்றார்.

“வெளிய கொஞ்சம் காத்தாட நிக்கலாம்னு பாக்கறேன்,” என்றார்.

வெளியே தண்ணீர் உறைந்துகொண்டிருந்தது.

“நானும் வரேன் பாஸ்டர்,” என்றார் ஒருவர். “உள்ள புழுக்கமா இருக்கு,” என்றாள் இன்னொருத்தி, கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டே. ஒவ்வொருவராக, பேப்பர் தட்டுகளோடு, முட்டையைப் புகழ்ந்தபடி வராந்தாவுக்குப் போனார்கள். நெல்டாவும் எதையோ எடுப்பதுபோல் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்வதைவிட விறைத்துச் சாவார்கள் என்று ட்வைலா நினைத்தாள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு தான் மட்டும் என்ன செய்தோம் என்றும் நினைத்தாள்.

அறையில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள்.

“அம்மா, எந்திரிங்க. வெளிய போலாம்.”

“ராய்ஸ் எனக்காகப் பத்த வச்சிருக்கான்டி.”

“அவங்கள விடேன்,” என்றான் ராய்ஸ். “வயசானவங்கள அந்தக் குளிர்ல கொண்டுபோய் உக்கார வைக்கப்போறியா? நீயெல்லாம் ஒரு மக!”

“அப்பாவக் கொன்னதே இதான்மா,” என்றாள் ட்வைலா. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. வராந்தாவில் பேச்சு நின்றது.

அம்மா தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்டி. டாக்டர் எங்கிட்டயும்தான் சொன்னாரு.” போர்வையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். “அவன் பாவம். பெரிய கெட்டிக்காரன்னு நெனச்சிட்டிருக்கான். இன்னிக்கு ஒரு நாள் நெனச்சிட்டுப் போகட்டுமே. நான் செத்த நேரம் உக்காந்துட்டு வந்துடறேன்.”

அவன் அங்கே இல்லாததுபோலத்தான் பேசினாள். கோபம் துளியும் இல்லை. கால் ஊனமான நாய்க்குட்டியைப் பற்றி அப்படித்தான் பேசுவாள். இத்தனை மாதங்களாகத் தான் சேர்த்துவைத்திருந்த வசவுகள் எதுவும் இதற்கு ஈடாகாது என்று ட்வைலாவுக்குப் பட்டது.

ராய்ஸின் கழுத்து மெல்லச் சிவந்தது. கணப்பின் முன்னால் மறுபடி மண்டியிட்டான். வால்வு இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை திரும்பியது, தீ அணைந்தது.

“எந்திரிக்கறேன்டி, கையக் குடு,” என்றாள் அம்மா. “கோழி ஆறிப்போச்சு.”

வராந்தாவில் அவர்களுக்கு இடம்விட்டார்கள். பாஸ்டர் சோளப்பயிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். யாரோ சிரித்தார்கள். ராய்ஸ் கடைசியாக வந்து தூணோரம் நின்றான். அம்மா ஒரு கோழித்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

எல்லோருடைய வாயிலிருந்தும் பேச்சோடு வெள்ளை ஆவி வந்துகொண்டிருந்தது. ராய்ஸ் மட்டும் பாக்கெட்டில் கைவிட்டு, பிய்த்த சிவப்பு அட்டையைத் துழாவிக்கொண்டிருந்தான்.